பன்னிரண்டு கிலோமீட்டரும் பத்து மணி நேரமும்

பாப்பா,

போன ஞாயிறு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தாய். பாஸ்போர்ட் உறையை டிவி மேசைமேல் வைத்தாய். “நா போகலப்பா” என்றாய். எனக்குச் சொல்வதற்கு இருந்தது, வாயில் வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்திருந்தவன் நான். வண்டி வந்த நேரம், கிளம்பிய நேரம் என்று எழுதித்தான் பழக்கம். வாயால் பேசியதெல்லாம் டிரைவர் கண்டக்டரை விரட்டுவதற்கு. அதனால் எழுதுகிறேன். இன்று வியாழன். உன் விமானம் வருகிற ஞாயிறு மதியம். மாப்பிள்ளையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படி. பாதியில் போன் செய்யாதே.

அன்று உன் அம்மாதான் பேசினாள். நினைவிருக்கும்.

“உங்கப்பனப் பாத்துக்கறன்னு இங்க இருந்து நீ என்னா ஊசியா போடப்போற?”

“ஆமாம்மா. நா நர்சு. ஊசிதான் போடுவன்.”

“போடு. மொதல்ல வாயில போடு. ஒரு வாரமா ஊறுகா ஜாடியத் தொறந்து தொறந்து மூடறாரு. உப்பு ஆவாதுன்னு டாக்டரு சொன்னது காதுலயே ஏறல.”

மாப்பிள்ளை சிரித்தார். நீ சிரிக்கவில்லை. என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: “இன்னொரு வாட்டி இவருக்கு வலி வந்தா, பத்து மணி நேரம் நா ப்ளேன்ல உக்காந்துகிட்டு என்னா பண்ணுவன்? நடுவுல எறங்கவா முடியும்?”

அந்தக் கடைசி வாக்கியம் என்னுடையது. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் உனக்குச் சொன்னது. ஒரு வார்த்தைகூட மாற்றாமல் திருப்பிக் கொடுத்தாய். வேண்டுமென்றே கொடுத்தாயா, தானாக வந்ததா, தெரியவில்லை. தானாக வந்திருந்தால் இன்னும் மோசம். நான் போட்டது உனக்குள் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். போட்டவன்தான் எடுக்க வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். நீ நர்சிங் முடித்து, தர்மபுரியில் இரண்டு வருடம் வேலை பார்த்து, பெங்களூரில் விடுதியில் தங்கி ஜெர்மன் படித்து, பரீட்சையில் தேறியிருந்தாய். ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரி உன்னை எடுத்துக்கொள்வதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. நான் டியூட்டி முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. போனை என் முன்னால் நீட்டினாய். கடிதத்தைக் காட்டுவாய் என்று நினைத்தேன். நீ காட்டியது வேறு. ஒரு பக்கத்தில் பெங்களூர், மறுபக்கத்தில் பிராங்க்ஃபர்ட். நடுவில் ஒரு வளைந்த கோடு. கீழே தூரம், ஏழாயிரத்து நானூறு கிலோமீட்டர் சொச்சம். நேர் விமானம். ஏறக்குறைய பத்து மணி நேரம். நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ரன்னிங் டைம் என்று கேட்கிற ஆள் நான்.

“இது ஏன் வளஞ்சு போவுது? வழியில யாரயாவது ஏத்தணுமா?”

“பூமி உருண்டைப்பா. இதான் நேர் ரோடு.”

“எத்தன ஸ்டாப்பு?”

“ஒன்னும் கெடயாது.”

“நடுவுல எறங்கவா முடியும்?”

“எதுக்குப்பா எறங்கணும்?”

எனக்குத் தெரிந்த வண்டியெல்லாம் நிற்கும். தொப்பூர் கணவாயில் பிரேக் சூடேறி நின்றால், பின்னால் வருகிற வண்டியில் ஆட்களை மாற்றி ஏற்றலாம். ஒருவருக்கு மயக்கம் வந்தால் டீக்கடை ஓரம் நிறுத்தித் தண்ணீர் தெளிக்கலாம். வீட்டில் துக்கம் என்று தகவல் வந்தால், அடுத்த ஊரில் இறக்கி எதிரே வரும் வண்டியில் திருப்பி அனுப்பலாம். அப்படிப் பலரை அனுப்பியிருக்கிறேன். ஏழாயிரம் கிலோமீட்டர் என்னைப் பயமுறுத்தவில்லை. அது வெறும் எண். அந்தப் பத்து மணி நேரம் பயமுறுத்தியது. பத்து மணி நேரம் நீ எந்த ஊரிலும் இருக்க மாட்டாய். எந்த நிறுத்தத்திலும் உன்னைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

பயம் என்று சொல்லவில்லை. “வேணாம்” என்றேன். ஒரே சொல். அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். நீ அழவில்லை, சண்டை போடவில்லை. சான்றிதழ்களை அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, பீரோவில் வைத்தாய். அந்த ரப்பர் பேண்ட் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்காதவன் மாதிரி சட்டையைக் கழற்றினேன்.

பிறகு மாப்பிள்ளை பார்த்தோம். பார்த்தோம் என்பது பொய். மற்றவர்கள் நிலம் பார்ப்பார்கள், குணம் விசாரிப்பார்கள், பையன் குடிக்கிறானா என்று டீக்கடையில் கேட்பார்கள். நான் பஸ் பார்த்தேன். எங்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்து நான் நேரம் போட்டு அனுப்புகிற டவுன் பஸ், பொம்மிடிப் பக்கம் போவது, ஒரு வீட்டின் முன்னால் நிற்கும். வாசலுக்கும் ஸ்டாப்புக்கும் பத்தடி. பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம், ஒரு நாளைக்கு ஆறு தடவை. அந்த வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பையன் இருந்தார். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். “பொண்ணுக்கு மாப்ள தேடுனீங்களா, இல்ல ரூட்டுக்கு ஸ்டாப்பு தேடுனீங்களா?” என்று உன் அம்மா அப்போதே கேட்டாள். அவர் தங்கமான மனிதராக அமைந்தது என் சாமர்த்தியம் இல்லை. நான் அவரைப் பார்க்கவே இல்லை. நிழற்குடையைப் பார்த்தேன்.

கல்யாணமான புதிதில் எனக்குப் பெருமை. டைம் ஆபீசில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், பாப்பாவைக் கூப்பிடு தூரத்தில் கொடுத்திருக்கிறேன் என்பேன். உன்னைப் பார்க்க வந்தேனா? முதல் மாதம் இரண்டு தடவை. பிறகு பண்டிகைக்கு. பக்கம்தானே, அடுத்த வாரம் போகலாம். அடுத்த வாரம் போகலாம் என்று சொல்வதற்கு வசதியாக இருக்கிற தூரம் அது. அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த ரூட்டு கண்டக்டர் வந்து கையெழுத்துப் போடும்போது கேட்பேன்.

“பாப்பா வூட்டாண்ட யாரயாவது பாத்தியாப்பா?”

“பாத்தங்க சார். கோலம் போட்டுகிட்டு இருந்துச்சு. கை காட்டுச்சு.”

அவ்வளவுதான். எனக்கு அது போதும். நீ கோலம் போட்டாய், கை காட்டினாய், நன்றாக இருக்கிறாய். ஓர் அப்பன் தன் மகளைப் பஸ் ஜன்னல் வழியாக, அடுத்தவன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நாலு நாளைப் பற்றி நாம் பேசியதில்லை. இப்போது எழுதுகிறேன். உனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை கண்டக்டரைக் கேட்டேன்.

“வூடு பூட்டிக் கெடக்குதுங்க சார். துணி மட்டும் கொடியில காயுது.”

எங்காவது விசேஷத்துக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமையும் பூட்டு. புதன்கிழமை அவனே வந்து சொன்னான்: “சார், அந்தத் துணிய இன்னும் எடுக்கலீங்க. மழ வேற பேஞ்சுது. நனஞ்சு, காஞ்சு, மறுபடியும் நனஞ்சு கெடக்குது.” நான் என்ன செய்தேன் தெரியுமா? “சரிப்பா, கெளம்பு, மூணு நிமிஷம் லேட்டு” என்றேன். உனக்குப் போன் போட்டேன். நீ எடுத்தாய். “நல்லாருக்கன்பா, வேலையில இருக்கன்” என்றாய். நான் நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது. வியாழக்கிழமை மதியம்தான் கையெழுத்துப் புத்தகத்தை மூடிவிட்டு அந்த வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் அந்தத் துணி. பக்கத்து வீட்டம்மாதான் சொன்னார், தர்மபுரி ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்று.

கல்யாணத்துக்குப் பிறகு நீ மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்த அதே ஆஸ்பத்திரியில், நீ படுக்கை தட்டிப் போட்ட அதே வார்டில் படுத்திருந்தாய். கர்ப்பம் கலைந்திருந்தது. கர்ப்பம் என்பதே எங்களுக்குத் தெரியாது. மூன்று மாதம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று உன் வீட்டில் வழக்கம். நம் வீட்டிலும் அதுதான் வழக்கம். மாப்பிள்ளை எழுந்து நின்றார், அவர் கண் வீங்கியிருந்தது. நான் உன்னைக் கோபித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற மகளைக் கோபித்துக்கொண்ட முதல் ஆள் நானாக இருக்காது. ஆனாலும்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டனா பாப்பா?”

நீ சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: “சொன்னா வருவீங்கன்னு தெரியும்பா. சொல்லாமயே ஒரு நாளு வருவீங்கன்னு நெனச்சன்.”

அன்றிலிருந்து எனக்குத் தூரக் கணக்கு ஒன்றும் புரிவதில்லை. முப்பது வருடமாகத் தெரிந்த ஒரே வித்தை அது. இங்கிருந்து அரூர் இத்தனை நிமிடம், பொம்மிடி இத்தனை நிமிடம். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு நான் நாலு நாள் எடுத்திருக்கிறேன். எந்தப் புத்தகத்தில் அந்த நேரத்தைப் பதிவது?

இப்போது ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். தாளும் பேனாவும் இருந்தால் எனக்கு அதுதான் வரும். நம் வாசலிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரைத் தாண்டி விமான நிலையம், நெரிசலையும் சேர்த்து ஐந்து மணி நேரம். அங்கே சோதனை, வரிசை, காத்திருப்பு, மூன்று மணி நேரம். ஆகாயத்தில் பத்து. இறங்கி வெளியே வர ஒன்றரை. பிராங்க்ஃபர்ட்டிலிருந்து உன் ஊருக்கு ரயிலில் ஒன்றரை என்றாய். மொத்தம் இருபத்தொரு மணி நேரம். வண்டிகள் தாமதம் என்று இன்னும் நாலைந்து போட்டாலும் ஒரு நாளைக்குச் சற்று மேலே. நாலு நாளைவிட இது குறைவு, பாப்பா. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.

உன்னைத் தேற்றுவதற்கு இந்தக் கணக்கு இல்லை. தூரம் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய். தூரம் இருக்கிறது. இரண்டு மாதம் முன்னால் ரேஷன் கடை வரிசையில் எனக்கு நெஞ்சைப் பிடித்தபோது, உன்னைத்தான் தேடினேன். மறைக்கவில்லை. ஆனால் அன்று நடந்ததை நேரம் போட்டுப் பார். எனக்கு முன்னால் நின்றவர் ஆட்டோவை மறித்தார். உன் அம்மா சர்க்கரைப் பையைக் கீழே போட்டுவிட்டு ஏறினாள். நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து ஆம்புலன்சில் அனுப்பினார்கள். தர்மபுரியில் நீ என் மணிக்கட்டைப் பிடித்தபோது வேலை பாதி முடிந்திருந்தது. அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். மகள் முகம் இல்லை. நர்ஸ் முகம். உதடு அசையாமல் நாடியை எண்ணிக்கொண்டிருந்தாய். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் முனக, என் கையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனாய். அந்த வலியிலும் எனக்கு அது பிடித்திருந்தது. இந்தப் பெண்ணையா ஆறு வருடம் பீரோவில் பூட்டி வைத்தேன் என்று தோன்றியது.

நீ மறுபடி ஜெர்மன் படித்தது எனக்குத் தெரியும். தர்மபுரி பஸ்ஸில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தபடி போவாய் என்று, அந்த ரூட்டுக்கு மாறியிருந்த அதே கண்டக்டர் சொன்னான். ஜெபம் செய்கிறாய் என்று நினைத்தானாம். இந்தத் தடவை கடிதம் வந்தபோது நீ போனை என்னிடம் நீட்டவில்லை. “போறன்பா” என்று மட்டும் சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். ஆறு வருடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தத் தலையாட்டல். இப்போது என் நெஞ்சு அதைக் கெடுக்கப் பார்க்கிறது. விட மாட்டேன்.

உனக்குத் தெரியாத இரண்டு காரியம் செய்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். எனக்கும் அம்மாவுக்கும். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். சின்ன வயது. தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“எந்த நாட்டுக்குங்க போறீங்க?”

“ஜெர்மனிங்க. பொண்ணப் பாக்க.”

“பொண்ணு அங்க என்னாங்க பண்ணுது?”

“இன்னும் போவலீங்க. பொம்மிடியில இருக்குது.”

பேனா நின்றது. “பொம்மிடிக்கு எதுக்குங்க பாஸ்போர்ட்டு?”

உன் அம்மா காபியோடு வந்தாள். “எழுதிக்கோ தம்பி. இவரு பன்னெண்டு கிலோமீட்டரு போறதுக்கே நாலு நாளு யோசிக்கற ஆளு. இப்பவே கெளப்புனாத்தான் அங்க போயி சேருவாரு.”

போன செவ்வாய்க்கிழமை தபாலில் வந்துவிட்டது. புகைப்படத்தில் நான் திருடன் மாதிரி இருக்கிறேன். அது கிடக்கட்டும். டாக்டரிடமும் கேட்டேன். ஆறு மாதம் போகட்டும், பார்த்துவிட்டு விமானத்தில் அனுப்பலாம் என்றார். நீ அங்கே போய் ஓர் அறை பிடித்து, குளிருக்குப் பழகி வை. நாங்கள் வருவோம். நடுவில் இறங்க முடியாத அந்தப் பத்து மணி நேரம் நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

இரண்டாவது காரியத்தைக் கேட்டு அழாதே. நம் பக்கத்தில் ஒருவர் போய்விட்டால் முதலில் எழும் கேள்வி, பிள்ளை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு வரும் என்பது. கண்ணாடிப் பெட்டிக்குச் சொல்லிவிட்டு, எல்லோரும் வாசலில் உட்கார்ந்து விமான நேரம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வந்து சேர்கிற பிள்ளை, அழுவதற்கு முன்னால் தாமதத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அது வேண்டாம். காத்திருக்க வேண்டாம், பகல் வெளிச்சத்தில் முடித்துவிடுங்கள், பாப்பாவை யாரும் ஒரு கேள்வி கேட்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உன் அம்மாவிடம் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கும் ஒரு நகல். அம்மா படித்துவிட்டு, “சாவறதுக்குக்கூட டைம் போட்டுக் குடுக்கறாரு பாரு” என்றாள். ஆனால் தாளைக் கிழிக்கவில்லை. பத்திரமாகத்தான் வைத்திருக்கிறாள்.

மாப்பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாதே. ஒரு வருடத்தில் அவரும் வருவதாகச் சொல்கிறார். காயில் கட்டும்போது போனில் பாடம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நேற்று மோட்டார் கொண்டுவந்த ஒரு விவசாயியிடம் ஜெர்மன் மொழியில் நன்றி சொல்லியிருக்கிறார். “பொகஞ்சது மோட்டாருதானுங்க, ஒங்களுக்கு என்னா ஆச்சு?” என்று அவர் கேட்டாராம். இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீ போக வேண்டும் என்று என்னைவிட அதிகமாக நினைக்கிறவர் அவர்தான். நிழற்குடையைப் பார்த்த எனக்கு இப்படி ஒரு மனிதர் கிடைத்திருக்கக்கூடாது.

அங்கே போனபின் தினமும் போன் செய்யாதே. செய்தால் “நல்லாருக்கன்பா” என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும். அந்தச் சொல்லை நான் இனி நம்புவதாக இல்லை. வாரத்தில் ஒரு நாள், நேரம் எடுத்து, நன்றாக இல்லாததையும் சேர்த்துச் சொல். மூன்று மாதம் முடியாததையும் சொல். உன்னோடு வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் கதவு இரண்டு நாள் சாத்தியிருந்தால், நமக்கென்ன என்று இருக்காதே, போய்த் தட்டு. என்னிடமிருந்து நீ எடுத்துக்கொள்ளக் கூடிய பாடம் இது ஒன்றுதான். இதையும் நான் சரியாகச் செய்து கற்கவில்லை.

நேற்று பழைய பழக்கத்தில், நீ அன்று காட்டிய அந்தத் தூரக் கணக்கை போனில் மறுபடி பார்த்தேன். பிராங்க்ஃபர்ட்டிலிருந்து பெங்களூருக்குத் திரும்பி வர நேரம் கொஞ்சம் குறைவாம். காற்று பின்னாலிருந்து தள்ளும் என்று போட்டிருக்கிறது. அந்தச் சலுகையை என் நெஞ்சுவலிக்காகப் பயன்படுத்தாதே. எனக்கு ஏதாவது ஆனால் அம்மா சொல்வாள், டாக்டர் பார்ப்பார். நீ உன் டியூட்டியை முடித்துவிட்டு அழு. விடுமுறையில் வா, ஆசைப்பட்டு வா. பயந்து வராதே.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கார் சொல்லியாகிவிட்டது. டிரைவர் நம் பழைய கண்டக்டரின் தம்பி, நேரம் தவறாதவன். காலை ஐந்தேகாலுக்கு எங்களை ஏற்றிக்கொண்டு, ஐந்தே முக்காலுக்கு உன் வாசலில் நிற்பான். அம்மா பின்சீட்டில் இருப்பாள், இட்லி கட்டிக்கொண்டு. நான் முன்சீட்டில். போகிறேன், போகவில்லை என்று என்னிடம் பேச்சு வேண்டாம். நீ ஏறும்வரை அந்த வண்டி நகராது, நான் இறங்கவும் மாட்டேன். பின்னால் டவுன் பஸ் வந்து ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

பெட்டியை நீயும் மாப்பிள்ளையும் தூக்கி வையுங்கள். டாக்டர் என்னைக் கனம் தூக்கக்கூடாது என்றிருக்கிறார்.

அப்பா